எதிர்மலைப் புகை

ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுத் தேவநாதன் இன்னொரு தடவை பார்த்தான். வாழை இலை இல்லை. வாழை இலை இப்படி நின்று நின்று நகராது. ஆள்தான். நீலப் பிளாஸ்டிக் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எதிர்மலைச் சரிவில் காப்பிச் செடிகளுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருக்கிற ஆள். செவனம்மாதான், வேறு யார். இந்தப் பள்ளத்துக்கு இருப்பதே இரண்டு வீடு. அந்தப் பக்கம் வீரணனும் அவர் சம்சாரம் செவனம்மாவும், இந்தப் பக்கம் இவன். இவனுக்குப் பின்னால் காடு, அவர்களுக்குப் பின்னால் பாறை. மற்ற ஜனமெல்லாம் ஜீப் ரோட்டை ஒட்டிக் கீழே எங்கேயோ. ஐப்பசி அடைமழையில், பாதையெல்லாம் வாய்க்காலாகிக் கிடக்கிற இந்த நேரத்தில், காலங்காத்தாலே அந்தம்மா இறங்கி வருகிறாள் என்றால் எதற்கு வருகிறாள்? எதற்கென்று அவனுக்குத் தெரியாதா என்ன. போச்சு, என்று வாய்விட்டே சொன்னான். அவன் முதுகுக்குப் பின்னால் கேஸ் அடுப்பில் நூடுல்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது.

கேஸ் அடுப்புதான். கரண்டு இல்லாமல், கம்பி இல்லாமல், குழாய்த் தண்ணீர் இல்லாமல், பத்தடிக்குப் பதினாறடியில் மண்கல் வீடு கட்டிக்கொண்டு மலைமேல் தன்னந்தனியாக வாழ்கிறேன் பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் வீடியோ போடுகிற மனுஷனின் வீட்டில், கட்டிலுக்கடியில் சிவப்பாக ஒரு குட்டி சிலிண்டர். அடுப்பில் நீல நெருப்பு வட்டமாக, அடக்கமாக, ஒரு பொட்டுப் புகையில்லாமல் எரிந்தது. அந்தப் புகையில்லாமைதான் வினை. இந்த மலையில் புகை என்பது வெறும் புகை இல்லை. காலையில் எதிர்க்கூரைமேல் புகை எழும்பினால் ஆள் நல்லபடியாக எழுந்திருக்கிறது, அடுப்பு மூட்டியிருக்கிறது என்று அர்த்தம். எழும்பாவிட்டால் ஆள் கிளம்பிப் போய்ப் பார்க்கும். அவன் குடிவந்த அன்றைக்கே செவனம்மா ஒரு கூடைச் சௌசௌவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுச் சொன்னாள்: "தனி ஆளா இருக்கமேன்னு பயந்துக்கிறாதீக சார். ஒங்க புகைய நாங்க பாத்துக்கிருவோம்." படியிறங்கும்போது திரும்பி, "பாத்துக்கங்க சார்" என்றாள். அவனும் சரிங்கக்கா, போயிட்டு வாங்க என்று கையெடுத்துக் கும்பிட்டான். அந்தப் பேச்சை அப்படியே ஒரு வீடியோவில் சொன்னான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, எதிர்மலையைக் காட்டி, நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரன் செத்துக் கிடந்தால்கூட நாற்றம் வந்த பிறகுதான் தெரியும், இங்கே ஒரு வேளைப் புகை வரவில்லையென்றால் ஒரு மனுஷி மலையிறங்கி வருவாள் என்று சொன்னான். கண் கலங்கிவிட்டது அண்ணா என்று எத்தனை பேர் எழுதினார்கள். அவனுக்கே கலங்கித்தான் போனது. இதோ, அந்த மனுஷி மலையிறங்கி வருகிறாள். கலங்கு பார்ப்போம்.

அடுப்பை அணைத்தான். நூடுல்ஸ் அரைவேக்காட்டில் நின்றது, அதன் மசாலா வாசம் மட்டும் அடங்காமல் கூரைவரை ஏறிற்று. சாமைச் சோறும் தூதுவளை ரசமும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறவன் வீட்டு வாசம். சட்டியை எங்கே ஒளிப்பது? சின்ன வீட்டில் அதுதான் தொந்தரவு, எதையும் ஒளிக்க இடமில்லை. தேவைக்கு மேல் ஒரு பொருள் இருக்கக்கூடாது என்று அவனேதான் இப்படிக் கட்டினான், மேல் பலகை கிடையாது, அலமாரிக்குக் கதவு கிடையாது, வாசலில் நின்று பார்த்தால் வாழ்க்கை பூராவும் தெரியும். சிலிண்டரைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினான். அது தரையில் உரசிக் கறகறவென்று கத்தியது. ஓடை இரைச்சலைத் தாண்டி அந்தச் சத்தம் எதிர்மலைக்குக் கேட்டிருக்குமோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான். பைத்தியம். கம்பளியை இழுத்துக் கட்டிலோரம் தொங்கவிட்டான். கம்பளி குட்டை. இந்தப் பக்கம் மூடினால் அந்தப் பக்கம் சிவப்பு எட்டிப் பார்க்கிறது. வத்தலக்குண்டிலிருந்து இதைச் சாக்கில் கட்டி ஜீப்பில் ஏற்றின அன்றைக்கு டிரைவர் தூக்கிப் பார்த்துவிட்டு, என்னா சார் இம்புட்டுக் கனம் என்று கேட்டான். உரம் என்று சொல்ல வாயெடுத்து, ஐயையோ, உரம் போடாத விவசாயி அல்லவா நாம் என்று நினைவு வந்து, உப்பு என்றான். "இம்புட்டு உப்பா? கருவாடு போடப் போறீகளா?" என்று கேட்டு ஜீப்பே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். அன்றைக்கு இரவெல்லாம் அந்தச் சிரிப்பு அவன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது, கழுவினாலும் போகவில்லை.

என்ன செய்வான், போன மழைக்கு அவன் பட்டதை யார் கண்டார்கள். ஈர விறகை ஊதி ஊதிக் கண் கோவைப்பழமாகி, ஒரு தம்ளர் காப்பிக்குள் பொழுது பாதி போய், இருமி இருமி விலா எலும்பு நோக, கூரையில் இருக்கிற சோலார் தகடு மேகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க, ஒரு நாள் அடுப்புக்கு முன்னால் குந்தியபடியே அழுதுவிட்டான். நாற்பத்து நாலு வயசு ஆள், விளம்பரக் கம்பெனியில் பத்துப் பேரை மேய்த்தவன், ரசம் கொதிக்கவில்லை என்று அழுதான். பெண்டாட்டி நித்திலாவுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வா என்பாள். வா என்று அவள் சொல்லிவிட்டால் போய்விடுவான், அது அவனுக்கே தெரியும், அதனால் சொல்லவில்லை. பள்ளி லீவுக்கு மகளை அழைத்துக்கொண்டு ஒரு தடவை வந்தாள். அட்டைக்கடியும் குளிர்ந்த தண்ணீரும் போதுமென்று கிளம்பும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "நீ ஊருக்கெல்லாம் தற்சார்பு சொல்லிக் குடு தேவா. நானும் பாப்பாவும் என் சம்பளத்தைச் சார்ந்து இருந்துக்கறோம்." சிரித்துக்கொண்டு சொன்னதால் கோபப்படவும் முடியவில்லை. ஆக, கேஸ். ஒரு மழைக்காலத்துக்கு மட்டும் என்றுதான் வாங்கினான். வெயில் வந்தது, கேஸ் போகவில்லை. விறகடுப்பு வீடியோவுக்கு மட்டும் என்றாயிற்று. ஆனால் எதிர்மலைக்குப் புகை காட்ட வேண்டுமே. அதற்கும் வழி கண்டுபிடித்தான். காலையில் எழுந்ததும் விறகடுப்பில் நாலு காய்ந்த சருகைப் போட்டுக் கொளுத்தி, மேலே ஈரத்தழை ஒரு கைப்பிடி வைப்பான், குழாய் வழியே புகை குபுகுபுவென்று போகும். எதிர்மலைக்கு ஆஜர் கொடுத்தாயிற்று. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கேஸில் காப்பி. செவனம்மா அந்தப் பக்கம் நிம்மதியாகத் தன் வேலையைப் பார்த்திருப்பாள். பொய்ப் புகை. அதைப் பார்த்து ஒரு மனுஷி நிம்மதியடைவது அவனுக்கு முதல் சில நாள் உறுத்தியது. பிறகு பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது.

நேற்றும் இன்றும் அந்தப் பொய்க்கும் வழியில்லாமல் போயிற்று. சருகு ஒன்றுகூடக் காயவில்லை. விறகு? விறகைப் பற்றிப் பேசாதீர்கள். பங்குனியில் வீரணன் தானே வந்து, பட்டுப்போன சவுக்கை வெட்டிப் பிளந்து, அடியில் நாலு முழுக் கம்பை நீளவாக்கில் போட்டு, வீட்டுக்குப் பின்னால் அழகாக அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். "இது மழைக்கு சார், இப்பத் தொட்றாதீக. மேல ஒரு தகரத்த மட்டும் போட்டு வச்சிருங்க." தகரம் போடவில்லை. கேஸ் இருக்கிறவனுக்குத் தகரம் எங்கே ஞாபகம் வரும். அந்த அடுக்கில் இப்போது காளான் முளைத்து நிற்கிறது, வெள்ளை வெள்ளையாக, சின்னச் சின்னக் குடையாக. அந்தம்மா பின்பக்கமாக வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பாள். தன் புருஷன் வியர்வை சிந்திப் பிளந்த விறகு. நேற்றுக் காலை முழுக்க ஜன்னல் பக்கமே போகாமல் கட்டிலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். வருவாள் வருவாள் என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் திடுக்கிட்டான். யாரும் வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் அப்பாடா என்றிருந்தது. மழை மறைப்பில் தெரிந்திருக்காது, தப்பித்தோம் என்று காலை நீட்டிப் படுத்தான். இன்றைக்கு வருகிறாள். ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வருகிறாள். நேற்றே வந்திருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்காதோ என்னவோ.

நீலச் சாக்கு காப்பிச் செடிகளைத் தாண்டி வெளிக்கு வந்துவிட்டது. நிற்கிறாள். சேலையைத் தூக்கிச் செருகுகிறாள். மறுபடி இறங்குகிறாள். அவனுடைய காது மடல் இரண்டும் சுட்டன. இந்தச் சூடு அவனுக்குப் பழக்கமானது. ஒன்பதாம் வகுப்பில் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தபோது பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு தள்ளுவண்டியில் ஆம்லெட் தின்றான். கறுப்பு வேட்டியோடு, துளசி மாலையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு, நின்ற வாக்கில். நிமிர்ந்தால் எதிரே ராஜமாணிக்கம் மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, அதே மாலைக்காரர், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மாமா திட்டியிருக்கலாம், காதைத் திருகியிருக்கலாம், நேரே வீட்டுக்குப் போய் அக்காவிடம் போட்டுக் கொடுத்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் பஜனைக்குப் போனால் வாசலில் நின்று, "வாங்க சாமி" என்று சொல்லி, மற்ற சாமிகளுக்குச் செய்தது போலவே குனிந்து அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமில்லை. அந்தக் கை பட்ட இடம் மலை ஏறி இறங்குகிறவரை எரிந்தது. ஏன் மாமா சொல்லவில்லை, ஏன் மாமா அடிக்கவில்லை. இன்றைக்கும் வீடியோவுக்குக் கீழே யாராவது, உங்கள் பாதம் பணிகிறேன் அண்ணா என்று எழுதினால் கால் கட்டைவிரல் தானாக மடங்கிக்கொள்கிறது. செவனம்மாவும் அப்படித்தான் செய்வாள். உள்ளே வருவாள், சிலிண்டரைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள், தண்ணி கிண்ணி வேணுமா சார் என்று கேட்பாள். ஐயோ, திட்டிவிட்டாலாவது பரவாயில்லை.

ஓடை. அப்போதுதான் ஓடை ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் நூடுல்ஸ் ஞாபகம் வந்தது, சிலிண்டர் ஞாபகம் வந்தது, காளான் ஞாபகம் வந்தது, மாமாகூட வந்துவிட்டுப் போனார். ஒரு பொம்பளை வெள்ளத்தைத் தாண்டி வர வேண்டும் என்பது கடைசியில்தான் வந்தது. மனசின் வரிசையைப் பார், என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டான். குறுக்கே ஒற்றை மரம் கிடக்கிறது, அதுதான் பாலம். வெயில் காலத்திலேயே அவன் கையை விரித்துக்கொண்டு குழந்தை மாதிரி நடப்பான். இப்போது பாசி வழுக்கும், கீழே செந்தண்ணீர் உருமிக்கொண்டு போகும். வழுக்கிவிட்டால்? இவன் மறைவாகக் காப்பி குடித்ததற்காக அந்தம்மா ஆற்றோடு போவதா? போனால் யாரிடம் என்ன சொல்வான்? வீரணன் முகத்தில் எப்படி முழிப்பான்? பார், இப்போதும் முழிப்பதைப் பற்றித்தான் யோசிக்கிறான். கத்தலாமா? கதவைத் திறந்து, அக்கோவ் என்று கத்தினான். மழை அதை வாசலிலேயே அமுக்கிவிட்டது. போன்? டவர் போய் இரண்டு நாளாகிறது. ஓடிப் போகலாம். ஓடைக்கு இந்தப் பக்கத்தில் நின்று, நான் நல்லா இருக்கேன்க்கா, திரும்பிப் போங்க என்று கையை ஆட்டலாம். அதுதான் சரி. செருப்பை மாட்டினான். அப்புறம் ஏன் சார் புகையக் காணோம் என்பாள். விறகு நனைஞ்சிருச்சுக்கா என்றால், அடுத்த நாளே காய்ந்த விறகு ஒரு கட்டு அவள் தலையில் ஏறி வரும். காய்ச்சல்க்கா என்றால் கஷாயம் வரும். பட்டினி விரதம்க்கா என்றால் முடிந்ததும் களி கிண்டிக்கொண்டு வருவாள். எந்தப் பொய்யைச் சொன்னாலும் அவள் இன்னொரு தடவை மரத்தைத் தாண்டித்தான் வருவாள். கேஸ்க்கா. அது ஒன்றைச் சொன்னால் போதும், அதோடு தீர்ந்தது, இனி எந்நாளும் வர வேண்டாம். கேஸ் வாங்கிட்டேன்க்கா, அதான் புகை வரல. சொல்லிப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. இதைச் சொல்ல என்ன குறைச்சல்? உலகத்தில் கேஸ் வாங்காதவன் யார்? இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தபோது, அப்ப இத்தனை நாளா வந்த புகை என்ன சார், என்று அவள் குரலில் அவனுக்குள்ளேயே யாரோ கேட்டார்கள். செருப்பைக் கழற்றினான்.

புகைதான் வழி. புகையைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுவாள், ஓடைக்கு வராமலே திரும்பிவிடுவாள். அவளுக்கும் நல்லது, இவனுக்கும் நல்லது. எதை எரிப்பது? சோலார் பேட்டரி வந்த அட்டைப்பெட்டி ஒன்று மூலையில் துணி வைக்கக் கிடந்தது. துணியைத் தரையில் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கிழித்தான். கிழித்த அட்டையை விறகடுப்பில் திணித்து லைட்டரை அழுத்தினான். பிடித்தது. மேலே வாசலிலிருந்து ஈரப்புல் ஒரு பிடி. குழாயில் என்ன அடைத்துக்கொண்டதோ, குளவிக் கூடோ ஈரக்கரியோ, புகை மேலே போகாமல் அத்தனையும் வீட்டுக்குள்ளேயே திரும்பி அவன் மூஞ்சியில் அப்பியது. இருமினான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஊதுகுழலால் குழாயை மடேர் மடேர் என்று அடித்தான். போ, போய்த் தொலை, மேலே போ. ஒரு பெரிய ஆள், அட்டைப்பெட்டியை எரித்து, குழாயை அடித்துக்கொண்டு, புகையைக் கெஞ்சிக்கொண்டு நிற்பதை யாராவது வீடியோ எடுத்தால் அதுதான் உண்மையான வீடியோ. எதுவோ பொத்தென்று கீழே விழுந்தது, புகை மேலே இழுத்தது. போகிறது. போகிறது! வெளியே ஓடி மழையில் நின்று அண்ணாந்து பார்த்தான். குழாய் நுனியில் சாம்பல் நிறமாக, கனமாக, நல்ல விறகுப் புகை போலவே புகை ஏறிக்கொண்டிருந்தது. அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு வந்து எத்தனை நாளாயிற்று.

செவனம்மா ஓடைக் கரைக்கு வந்திருந்தாள். நின்றாள். நெற்றியில் கையை வைத்து மேலே பார்த்தாள். பார்த்துவிட்டாள், புகையைப் பார்த்துவிட்டாள். சரி, திரும்பு. திரும்புக்கா, நான் நல்லா இருக்கேன், அடுப்பு எரியுது, காப்பி கொதிக்குது, போ. அவள் திரும்பவில்லை. சேலையை இன்னும் ஏற்றிச் செருகிக்கொண்டு நேரே மரத்தண்டைக்கு வந்தாள், முன்னைவிட வேகமாக. புகையைப் பார்த்த பிறகும் வருகிறாள் என்றால்? தெரிந்துவிட்டது. அட்டைப் புகைக்கும் விறகுப் புகைக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள். இல்லை, முதலிலிருந்தே தெரியும். ஜீப்காரன் சொல்லியிருப்பான், உப்பாம்ல உப்பு என்று ஊரே சிரித்திருக்கும், வீரணன் மட்டும், சும்மா இருங்கடா, நல்ல மனுஷன் என்று சொல்லியிருப்பார். கடைசியில் இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்க வருகிறாள். வரட்டும். அவள் மரத்தில் நடக்கவில்லை, காலை இரண்டு பக்கமும் தொங்கப்போட்டு உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றி நகர்ந்தாள். தண்ணீர் அவள் பாதத்தை நக்கிக்கொண்டு போனது. நடுவில் மரம் ஒரு தரம் உருண்டாடிற்று, அவள் குனிந்து அதைக் கட்டிக்கொண்டாள். அவன் கை காற்றில் எதையோ பிடிக்கப் போய்த் திரும்பியது. இறங்கிப் போ, கையைக் கொடு, இப்போதாவது போ. கால் வாசற்படியை விட்டு நகரவில்லை. அவள் இந்தக் கரையில் ஏறி, புல்லைப் பிடித்து நிமிர்ந்து, ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏற ஆரம்பித்தாள். அவன் உள்ளே போய்க் கம்பளியைச் சரிசெய்தான். அது மறுபடி நழுவியது.

"சார்!" வாசலில் அவள் நின்றாள். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. உதடு நீலம் பூத்து, கண் குழிவிழுந்து, ஒரு நாளில் பத்து வயசு கூடிய மாதிரி இருந்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் கண் கட்டிலுக்கடியில் போய்விட்டது. சிவப்பைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். "கேஸ் வச்சிருக்கீகளா? நல்லதாப் போச்சு. ஒரு வாய் வெந்நி வச்சுக் குடுங்க சார், தொண்ட ஒட்டிக்கிருச்சு" என்று சொல்லிவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். இரண்டு மழைக்காலமாக அவன் கட்டிலுக்கடியில் பூதம் மாதிரி உட்கார்ந்திருந்தது, ஒரு வாய் வெந்நிக்குப் பிரயோஜனப்படும் பொருளாகிவிட்டது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. தண்ணீரை வைத்து நெருப்பைப் பற்றவைத்தான். என்னக்கா, இந்த மழையில, என்று கேட்டான். குரல் எவ்வளவு சாதாரணமாக வந்துவிட்டது.

"அவுக விழுந்துட்டாக சார். முந்தாநாளு மாட்டுக் கொட்டாய்க்குப் போனவுக வழுக்கி விழுந்துட்டாக. இடுப்பு அசைக்க முடியல. நேத்துலருந்து காச்ச வேற, கண்ட மேனிக்குப் பெனாத்துறாக. விட்டுட்டு வர பயமா இருந்துச்சு. கரண்டுக் கம்பி அந்து கெடக்கு, போன்ல சார்ஜும் இல்ல." வெந்நீரை இரண்டு கையாலும் வாங்கி ஊதாமல் குடித்தாள். "அதான் நேத்துக் காலையிலருந்து அடுப்பே பத்த வைக்கல சார். புகையக் காணமேன்னு நீங்க வந்துருவீகன்னுட்டு. அவுகளுக்கு வெந்நி வைக்கணும்னா கரித்துண்டுலதான் வச்சேன், கரின்னா புகை தெரியாதுல்ல. கதவுக்கிட்டயே உக்காந்து பாதையப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவன் அணைக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒங்க புகைய நாங்க பாத்துக்கிருவோம். பாத்துக்கங்க சார். போயிட்டு வரேன் என்பதற்குப் பதிலாகச் சொன்னாள் என்றல்லவா நினைத்தான். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் சொல்கிற பாத்துக்கங்க என்று நினைத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தான். எங்க புகையையும் பாத்துக்கங்க என்று ஒரு மனுஷி கேட்டிருக்கிறாள். அதை வீடியோவில் பாதி மட்டும் சொல்லி ஊரையே அழ வைத்திருக்கிறான். இவள் நேற்றெல்லாம் கரியில் வெந்நீர் வைத்துக்கொண்டு, இவன் வர வேண்டுமென்று புகையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதே பள்ளத்துக்கு இந்தப் பக்கம் இவன், அவள் வந்துவிடக் கூடாதென்று கட்டிலில் ஒடுங்கிக் கிடந்தான்.

"சவுக்குக் கம்புல டோலி கட்டித் தூக்கிட்டுப் போயிரலாம் சார், ஓடைக்கு அந்தப் பக்கமாவே ஜீப் ரோட்டுக்கு எறங்கிரலாம். ஒரு ஆளு மட்டும் கை குடுத்தாப் போதும்" என்றாள். "கெளம்புறப்பக்கூட ஒங்க வீட்டுல புகையக் காணம். நேத்தும் காணம். ஆளு இல்லபோல, போறது வீணோன்னு ரோசன பண்ணிக்கிட்டேதான் எறங்குனேன். ஓடைக்கிட்ட வந்து பாக்கறேன், புகை! அப்பாடான்னு இருந்துச்சு சார், உசுரே வந்துச்சு." தம்ளரை வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஊருக்குப் போயிருந்தீகளா சார்?"

நேற்றுச் சாயங்காலம் மழை ஓர் அரைமணி விட்டது. எதிர்மலை கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று தெரிந்தது. யாரும் வராத நிம்மதியில் அவன் கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். காப்பித்தோட்டம், பாறை, நடுவில் அவர்கள் வீட்டு ஓட்டுக் கூரை, அதன்மேல் ஒன்றுமே இல்லாத ஆகாயம். பாருங்க நண்பர்களே, ஒரு பொட்டுப் புகையில்லாத காத்து, இதை எந்த ஊர்ல பாப்பீங்க என்று சொன்னான். நல்லா வந்திருக்கிறதா என்று கூரையைக் கிட்டத்தில் இழுத்து இரண்டு தரம் எடுத்தான். அந்தக் கூரைக்குக் கீழே, கதவோரத்தில், அந்நேரம் அவள் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்று கையைக்கூட ஆட்டியிருப்பாளோ என்னவோ. சொல்லிவிட வேண்டும். இங்கேதான் இருந்தேன், பார்த்தேன், புகை இல்லை என்று பார்த்தேன், அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். வாய்வரை வந்துவிட்டது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கண்ணில் சந்தேகம் ஒரு துளி இல்லை. பதிலைக்கூட அவளே யோசித்துக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

"ஆமாக்கா" என்றான். "காலையிலதான் வந்தேன்."

"அதானே" என்றாள் செவனம்மா, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டே எழுந்து. "அவுக பெனாத்தலுக்கு நடுவுல ஒங்களத்தான் கேட்டாக. பாத்துட்டுச் சும்மா இருக்கற ஆளா அவரு, ஊர்ல இருக்க மாட்டாருன்னு நாந்தேன் சொன்னேன்." பின்பக்கம் போய்க் காளான் பூத்த அடுக்கின் அடியிலிருந்து நீளமாக ஒரு கம்பை உருவினாள். அதன் ஒரு நுனியை அவன் கையில் கொடுத்துவிட்டு, மறுநுனியைத் தான் பிடித்துக்கொண்டு, ஓடையைப் பார்த்து முன்னால் இறங்கினாள்.